ஏறின கியரிலேயே இறங்குவது

வணக்கம் ஐயா,

சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். குடியிருப்பது ஓசூரில், வேலை பெங்களூரு சில்க் போர்டு அருகே. ஐந்தரைக்கு எழுந்து, அத்திப்பள்ளி, சந்தாபுரா என்று பஸ்ஸில் ஊர்ந்துகொண்டிருந்தேன். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்தது. அதுவரை பஸ், அப்புறம் மெட்ரோ என்று மாற்றிக்கொண்டதில் அரை மணி நேரம் மிச்சம். அவசரம் மட்டும் குறையவில்லை. கூட வேலை செய்பவர்கள் ஓடுகிறார்கள், நான் பின்தங்குவதாகவே தோன்றுகிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே போய் நிதானமாக வாழ்ந்தால் என்ன?

ப., ஓசூர்

அன்புள்ள ப.,

முதலில் ஊர். பாலக்கோட்டுக்காரரிடம் தக்காளியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பழுத்த பழம் யாருக்காகவும் காத்திருக்காது. கூடை மண்டிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதமானால் அன்றைய விலை கைவிட்டுப் போகும். பூ போட்டவர்கள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பறிக்கிறார்கள். மாடு வைத்திருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பொங்கலுக்கு மூன்று நாள் போய் நீங்கள் பார்த்த நிதானம் உங்கள் லீவினுடையது. நிலம் உண்டா, கிணற்றில் தண்ணீர் உண்டா என்று எழுதவில்லை. அது தெரியாமல் போங்கள் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

சரி, அந்த அரை மணி நேரம் எங்கே போனது?

நானும் பெங்களூரில் இருந்தவன். 2010-இல் சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு மேம்பாலச் சாலை திறந்தார்கள், கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர். முதல் வாரம் சீக்கிரம் போய் டீ குடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதம் காலை மீட்டிங் ஒன்பதரையிலிருந்து ஒன்பதுக்கு மாறியது. மாற்றியது மேலதிகாரி இல்லை, நான்தான். சும்மா இருப்பது திருட்டு மாதிரி உறுத்தியது. நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

என் மாமா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். கிருஷ்ணகிரியில் கிரானைட் ஏற்றிக்கொண்டு தெற்கே போவார். தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கம் வந்ததும் சில டிரைவர்கள் டீசல் மிச்சம் பிடிக்க கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். வண்டி தானாக உருளும், சுகமாகத்தான் இருக்கும். எஞ்சின் பிடித்து நிறுத்தாததால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் காய்ந்து கைவிட்டால் அப்புறம் வேகத்தை முடிவு செய்வது மலைதான். அங்கே நடந்த விபத்துகள் உங்களுக்குத் தெரியும். மாமா ‘ஏறின கியர்லயே இறக்கணும்’ என்பார். பின்னால் கார்கள் ஹாரனாக அடிக்கும். ‘அவன் டிக்கியில ஒரு பெட்டி இருக்கும், என் முதுகுல மலையே இருக்கு’ என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடுவார். திரும்பும்போது காலி வண்டி. அப்போது அவரும் பறப்பார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கண் விழித்ததும் போனை எடுத்து, அது இழுத்த பக்கம் போகிற காலைகளை நான் நியூட்ரல் என்றுதான் சொல்வேன். எனக்கு வாரத்தில் இரண்டு நாளாவது அப்படித்தான் போகிறது.

வேலையை விடுவது இருக்கட்டும். ஒரு மாதத்துக்கு அந்த அரை மணி நேரத்தை ஆபீசில் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் சந்திரசூடேஸ்வரர் மலைப்படி ஏறலாம், பாதியில் உட்காரலாம். உருப்படியாக எதுவும் செய்யக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஆடியோவில் கோர்ஸ் கேட்டுக்கொண்டே ஏறுவது செல்லாது.

உங்கள் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, ‘எல்லாம் சரி, தம்பி வண்டியில லோடு எவ்ளோன்னு எழுதலியே’ என்றார். வீட்டில் யார் யார், கடன் என்ன, பக்கத்து சீட்டில் ஓடுகிறவர் கல்யாணம் ஆனவரா என்றெல்லாம் கேட்கச் சொன்னார். சௌகரியப்படும்போது எழுதுங்கள்.