தூண் கல்லில் உட்காரும் இடம்: கோட்டின் கனம் பற்றி வாசகர் கேள்விகள்

மார்கழி, தை வந்துவிட்டால் செட்டிநாட்டுப் பக்கம் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தெருவோரம் ஸ்கெட்ச் புக்கை விரித்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். வெயில் சாய்வாக விழும் மாதங்கள், தூணின் நிழல் நீளமாகக் கிடைக்கும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தில்தான் வந்து நிற்கின்றன: பேனாக் கோடு எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும்? அதனால் அவற்றையே எடுத்துக்கொண்டேன்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் முகப்பை 0.5 பேனாவால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வரைந்தேன் டீச்சர். அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் படம் தட்டையாகத் தெரிகிறதே, ஏன்?
கட்டடக்கலை மாணவி, காரைக்குடி

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்மா. அளவில் ஒரு குறையும் இல்லை. தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையின் வளைவைக்கூடப் பொறுமையாகப் பிடித்திருக்கிறாய். ஆனால் முன்னால் நிற்கும் தேக்குத் தூணுக்கும், பத்தடி தள்ளி உள்ளே இருக்கும் நிலைவாசலுக்கும், தெருவில் போகும் கரண்ட் கம்பிக்கும் ஒரே கனத்தில் கோடு. எது பக்கம், எது தூரம், எது பாரம் தாங்குகிறது என்பதைக் கண் எதை வைத்துக் கண்டுபிடிக்கும்?

அடுத்த முறை முழு முகப்பையும் விட்டுவிட்டு ஒரே ஒரு தூணை எடுத்துக்கொள். காலை எட்டரை மணி, வெயில் இடப்பக்கத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெயில் படும் இடது விளிம்பை உன்னிடம் இருப்பதிலேயே மெல்லிய பேனாவால் இழு. நிழல் விழும் வலது விளிம்புக்கு அடுத்த அளவுப் பேனா. இவ்வளவிலேயே தூண் உருண்டு தெரியும். பிறகு குனிந்து, மரம் கல்லில் உட்காரும் இடத்தைப் பார். அங்கே நூல் அளவுக்கு ஓர் இருட்டு இருக்கும். எந்த நேரத்திலும் வெயில் நுழையாத இடுக்கு அது. படம் முழுக்க வேறெங்கும் வைக்காத கனத்தை அங்கே வை. ஒரு முறை இழுத்து, மை காய்ந்ததும் அதன் மேலேயே இன்னொரு முறை. அந்த விரற்கடைக் கோட்டில்தான் தூணுக்கு எடை வருகிறது. அது இல்லையென்றால் தூண் கல்லுக்கு மேலே மிதக்கும். எத்தனை பின்னல் கோடு போட்டு நிழல் கொடுத்தாலும் இறங்கி உட்காராது. மேலே போதிகை உத்தரத்தைத் தொடும் அடிப்பக்கம், கீழே படிக்கல் தரையைத் தொடும் இடம் இரண்டுக்கும் இதே கணக்குதான்.

கல்லூரியில் கட்டடத்தைக் குறுக்கே வெட்டியது போலக் காட்டும் வெட்டுத் தோற்றம் வரையும்போது, வெட்டுப்படும் சுவருக்குக் கனத்த கோடு போடச் சொல்லியிருப்பார்கள். டெக்னிக்கல் பேனாக்கள் 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 மி.மீ. என்று வருவதையும் பார்த்திருப்பாய். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு. ஏ4 தாளில் போட்ட 0.35 கோடு, ஏ3 ஆகப் பெரிதாக்கினால் 0.5 ஆகிவிடும், அதற்குத்தான் அந்த வரிசை. ஸ்கெட்சுக்கும் இந்த இடைவெளி நல்ல வழிகாட்டி. 0.45-க்கும் 0.5-க்கும் உள்ள வித்தியாசம் யார் கண்ணிலும் படப்போவதில்லை. நன்றாக விலகி நிற்கும் மூன்று பேனா இருந்தால் போதும்.

மைக்ரான் பேனாவை அழுத்தினால் கோடு தடிக்குமா?
பள்ளி ஆசிரியர், திருப்பத்தூர்

தடிக்காது. முனை உள்ளே போய்விடும், அதோடு பேனா பாழ். அது ஃபைன்லைனர் வகைப் பேனா, உலோகக் குழாய்க்குள் நிற்கும் மெல்லிய முனை. விரிந்து கொடுக்கத் தெரியாது. கனம் வேண்டிய இடத்தில் முதல் கோட்டை ஒட்டியே இரண்டாவது கோட்டை இழுத்து இடைவெளியை நிரப்புங்கள். இன்னொன்று: பேனாவில் போட்டிருக்கும் எண்ணை மில்லிமீட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். மைக்ரானில் 005 என்றால் 0.20 மி.மீ., 01 என்றால் 0.25, 05 என்றால் 0.45, 08 என்றால் 0.50. வாங்குவதானால் 005, 03, 08. 03 என்பது 0.35, நடுவில் சரியாக உட்காரும்.

புதிதாக வாங்கிய ஜி நிப்பில் (மையில் தொட்டு வரையும் எஃகு முனை) மை நிற்கவே மாட்டேன் என்கிறது. முத்து முத்தாக உருண்டு சொட்டுகிறது. மேல்நோக்கி இழுத்தால் தெறிக்கிறது.
வாசகி, புதுக்கோட்டை

புது நிப்பில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பருத்தித் துணி. துடைத்ததும் மை பரவி நிற்கும். சிலர் தீக்குச்சிச் சுடரில் காட்டுவார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை, சூடு ஏறிவிட்டால் எஃகின் துள்ளல் போய்விடும். மையில் தோய்க்கும்போது நிப்பின் நடுவில் இருக்கும் துளை வரைக்கும்தான். புட்டியின் வாயில் ஒரு தடவை தொட்டு, கூடுதல் மையை இறக்கிவிட்டு எடுங்கள்.

தெறிப்பதற்குக் காரணம் வேறு. ஜி நிப்பின் முனை இரண்டாகப் பிளந்தது. உங்களை நோக்கி இழுத்து அழுத்தும்போது இரண்டு பிளவும் விரிந்து நடுவில் மை நிரம்பும், கோடு தடிக்கும். அழுத்தத்தைத் தளர்த்தினால் மூடிக்கொண்டு மயிரிழை ஆகிவிடும். அதே நிப்பை மேல்நோக்கித் தள்ளினால் முனை காகித நாரில் குத்தி, விடுபடும்போது தெறிக்கிறது. அதனால் கையைத் திருப்பாதீர்கள், தாளைத் திருப்புங்கள். சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் பேப்பரைவிட வழவழப்பான கெட்டித் தாள் இதற்கு நல்லது.

இந்தியன் இங்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாட்டர்ப்ரூஃப் இந்தியன் இங்க் தொட்டு வரையும் நிப்புக்கு மட்டும்தான். கரித்தூளும் அரக்குப் பசையும் சேர்ந்த மை அது; காய்ந்தால் தண்ணீரில் கரையாது. எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த ஃபவுண்டன் பேனாவில் இருபது வயதில் அதை ஊற்றி வைத்தேன். நான்கு நாள் கழித்துத் திறந்தால் உள்ளே கல்லாகிக் கிடந்தது. அந்தப் பேனா அதற்குப் பிறகு எழுதவே இல்லை. இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை வரைந்தால் படமே கறுத்துப்போகிறது.
வாசகர், சிவகங்கை

எல்லாக் கல்லையும் வரைவதால்தான். உங்கள் காலடியில் இருக்கும் இரண்டு வரிசையில் மட்டும் பூவும் சட்டமும் முழுதாக இருக்கட்டும். மூன்றாவது வரிசையிலிருந்து கல்லின் ஓரக்கோடு மட்டும், அதுவும் மெல்லிய பேனாவில். அதற்கப்பால் குறுக்குக் கோடுகளையும் விட்டுவிட்டு, உள்ளே ஓடும் கோடுகளைப் பாதியில் நிறுத்திவிடுங்கள். பார்ப்பவர் மீதியைத் தாமே பதித்துக்கொள்வார். பூ வரையும்போதும் கனத்தை இதழின் வெளி வரம்பில் ஏற்ற வேண்டாம். தரை தட்டையான பொருள், அங்கே எதற்கும் எடை கிடையாது. கோட்டில் கனம் ஏறினால் பூ தரையிலிருந்து எழுந்து நிற்கும்.

எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. வங்கியில் கணக்கு எழுதிய கை, இப்போது கோடு இழுத்தால் நடுங்குகிறது. இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா?
ஓய்வுபெற்ற வாசகர், தேவகோட்டை

முடியும் ஐயா. நடுக்கம் சமீபத்தில் வந்தது என்றால் முதலில் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மற்றபடி, உங்கள் வீட்டுப் பெண்கள் பொங்கலுக்கு நடுவீட்டுக் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நான் கோட்டைக் கற்றுக்கொண்டதே அங்கேதான். எங்கள் அப்பத்தா பச்சரிசியை ஊறவைத்து மையாக அரைத்து, சின்னத் துணியை அதில் நனைத்து உள்ளங்கையில் அடக்கிக்கொள்வார்கள். கட்டைவிரலால் துணியை லேசாகப் பிழிய, மாவு மோதிர விரல் வழியாக இறங்கும். விரல் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் போகும். மணிக்கட்டு அசையவே அசையாது. முழங்கையும் தோளும்தான் நகரும், கூடவே உடம்பும் ஒரு பக்கம் சாய்ந்து கொடுக்கும். நீண்ட இழையில் கை வேகமாகப் போவதால் கோடு மெலியும். மூலையில் திரும்பும்போது ஒரு கணம் நிற்கும், அங்கே மாவு தேங்கித் தடிக்கும். காய்ந்த பிறகு பார்த்தால் மூலைகள் வெளேரென்று அழுத்தமாகவும், இழைகள் மெல்லியதாகவும் இருக்கும். அந்தத் தடிப்பை அவர்கள் திட்டமிட்டுப் போடவில்லை, கையின் வேகமே அதைப் போட்டுவிடுகிறது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். மணிக்கட்டை மேஜையில் ஊன்றிக்கொண்டு மெதுவாக இழுத்தால் நடுக்கம் முழுக்க 0.1 கோட்டில் பதிந்துவிடும். தோளிலிருந்து, மூச்சை விட்டுக்கொண்டே, போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பார்த்தபடி இழுங்கள், நிப்பைப் பார்க்காதீர்கள். தினமும் காலையில் பழைய செய்தித்தாளில் ஒரு சாண் நீளத்துக்கு இருபது கோடு. மெல்லிய பேனாவுக்குப் பதில் பிரஷ் பேனா எடுத்துக்கொள்ளுங்கள், தடித்த கோட்டில் சின்ன நடுக்கம் அடங்கிப்போகும். மிஞ்சும் நடுக்கத்தை அழிக்கவும் வேண்டாம். ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-இல் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் எங்காவது கிடைத்தால் பாருங்கள். வழவழப்புக்காக ஏங்காத கோடுகள் அவை. பழைய வீட்டின் உளுத்த கதவையும் சுதை உதிர்ந்த சுவரையும் வரைய உங்கள் கைக்கோடு என் கைக்கோட்டைவிடப் பொருத்தமாக இருக்கும் என்று மனசாரச் சொல்கிறேன்.

பால் பாயின்ட் பேனா போதாதா?
கல்லூரி மாணவர், காரைக்குடி

பழக தாராளமாகப் போதும் தம்பி. அழுத்தத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக் கொடுப்பதில் ஃபைன்லைனரைவிட அதுதான் மேல். முனையில் மை திரளும், பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து அடிக்கடி துடைத்துக்கொள். படத்தை வெளிச்சம் படும் சுவரில் மாட்டாதே, நாளடைவில் நிறம் வெளுக்கும்.

வீட்டுக்குள் வளவு முற்றத்தில் மத்தியான வெயில். சுண்ணாம்பில் முட்டை வெள்ளை சேர்த்துப் பூசிய முட்டைப்பூச்சுச் சுவர் கண்ணாடி போலப் பளபளக்கிறது. அந்தப் பளபளப்பைக் கறுப்பு மையால் எப்படிக் காட்டுவது?
வாசகி, மதுரை

மை வைக்காமல்தான். வெயில் முழுதாக விழும் சுவரின் ஓரத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். சுவர் எங்கே முடிந்து முற்றத்துத் தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது, இரண்டும் ஒரே வெள்ளை. கண்ணுக்குத் தெரியாத கோட்டை நாம் பழக்கத்தால் போட்டுவிடுகிறோம், அதில்தான் வெயில் போய்விடுகிறது. நிழலிலிருந்து வரும் கோட்டை வெயில் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே மெலியவிட்டு, பேனாவைத் தூக்கிவிடுங்கள். நடுவில் ஒன்றும் வேண்டாம், புள்ளிகூட வேண்டாம். கூரை ஓட்டின் நிழல் பல் பல்லாகச் சுவரில் விழுந்திருக்கும் அல்லவா, அந்த முதல் பல்லில் பேனாவை மறுபடி ஊன்றுங்கள். அங்கே கனமாக.