துளை சின்னது, உள்ளே வேலை ஒன்றுதான்

கேள்வி: மகனுக்கு நாலு வயது, பெருமூளை வாதம். மூக்கு ட்யூப் வழியாகத்தான் பால் போகிறது, அதையும் கக்கிக் கக்கி மூன்று தரம் நியுமோனியா வந்துவிட்டது. கொழும்பில் ஒப்பரேஷன் செய்யச் சொல்கிறார்கள். பிறந்த கையோடு குடலில் ஒரு ஒப்பரேஷன் நடந்ததால் இப்போதும் வயிற்றைத் திறந்துதான் செய்ய வேண்டுமாம். துளை போட்டுச் செய்தால் பிள்ளை கெதியாக எழும்பிவிடுவான் என்று சொந்தக்காரர் எல்லாரும் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு தாய், நிலாவெளி, திருகோணமலை

பதில்: சொந்தக்காரர் சொல்வதில் பாதி சரி. பித்தப்பைக்குத் துளை போட்டுச் செய்துகொண்ட பெரியவர்கள் மறுநாளே வீட்டுக்கு வருவதைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இந்த ஒப்பரேஷனில் பால் மேலே ஏறிக் கக்காதபடி இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடிப்பக்கம் சால்வை மாதிரிச் சுற்றித் தைப்போம். துளை வழியே போனாலும் திறந்து போனாலும் அந்தத் தையல் ஒன்றுதான், அது ஆறவும் அதே நாள்தான் பிடிக்கும்.

லண்டனிலும் நோர்வேயிலும் பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்து பார்த்தார்கள். வைத்தியசாலையில் படுத்த நாட்களில் பெரிய வித்தியாசம் வரவில்லை. துளை முறையில் ஓக்காளம் குறைவு என்று லண்டனில் கண்டார்கள், அது நல்ல விஷயம்தான், தழும்பும் சின்னது. ஆனால் நோர்வேயில் சில வருடம் கழித்துப் பார்த்தபோது, துளை போட்டுச் செய்த பிள்ளைகளுக்குத்தான் கக்கல் திரும்பி வந்தது அதிகம்.

உங்கள் மகனுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய ஒப்பரேஷனால் குடல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கலாம், அதற்குள் கமராவை விட்டுத் துழாவுவதைவிடத் திறந்து கண்ணால் பார்த்துச் செய்வது பத்திரம் என்று அந்தச் சத்திரசிகிச்சை நிபுணர் நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தயங்காமல் அவரிடமே கேளுங்கள், கோபிக்க மாட்டார். வயிற்றில் ட்யூப்பும் சேர்த்து வைப்பார்களா என்றும் கேளுங்கள், இப்படியான பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வைப்பார்கள்.

இவன் எழும்புவதைத் தீர்மானிப்பது வயிற்று வெட்டைவிட நெஞ்சுதான். சளி இருக்கிற நேரம் போகாதீர்கள். காய்ச்சல் என்றால் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள், அத்தனை தூரம் பஸ்ஸில் போய்த் திரும்பி வருவது எரிச்சல்தான், பரவாயில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் சில கிழமை பாலை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். இனி அவனுக்கு ஏப்பமும் வாந்தியும் இலகுவில் வராது, காற்று வயிற்றுக்குள்ளேயே நின்று ஊதும். வயிற்று ட்யூப் இருந்தால் பால் விடுவதற்கு முன் அதைத் திறந்து காற்றைப் போகவிடத் தாதியிடம் பழகிக்கொண்டு வாருங்கள். காயம் ஆறும்வரை கடல் குளியல் வேண்டாம். நிலாவெளிக்காரருக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்!

வயிறு கல்லுமாதிரி ஊதினால், விடாமல் ஓக்காளித்தால், பச்சை நிறத்தில் எதுவும் கக்கினால், எச்சிலே விழுங்க முடியாவிட்டால், காய்ச்சலோடு மூச்சு வாங்கினால், கொழும்புக்கு ஓட வேண்டாம், உடனே திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வீட்டுக்கு விடும்போது கொழும்பில் எழுதித் தரும் டயக்னோசிஸ் காட்டையும் கையில் எடுத்துப் போங்கள். இந்த ஒப்பரேஷன் நடந்த பிள்ளை என்று டியூட்டியில் இருக்கும் வைத்தியருக்கு முதலிலேயே தெரிய வேண்டும்.