ஊரு பேசும்னு அண்ணன் தடுக்கறார்

கேள்வி: எங்கம்மாவுக்கு 79 வயசு, மதுரைல என்கூடத்தான் இருக்காங்க. டிமென்ஷியா, அதாவது மறதி நோய். ராத்திரில கதவத் திறந்துட்டு ரோட்டுக்குப் போயிடறாங்க. இவங்களுக்காக வேலையையும் விட்டுட்டேன். ஹோம்ல சேக்கலாமான்னா துபாய்ல இருக்கற அண்ணன் 'ஊரு என்ன பேசும்'ங்கறார். என்ன பண்றது?

பதில்: ஊரப் பத்திக் கவலப்படற அண்ணன் லீவு போட்டு வந்து பத்து ராத்திரி அம்மா பக்கத்துல படுத்துப் பாக்கட்டும்மா, அப்புறம் பேசலாம். பாத்துக்கறது ஒருத்தர், வேணாம்னு சொல்றது இன்னொருத்தர், இது எந்த ஊரு நியாயம்?

ஆனா முதல்ல டாக்டர். இந்த ராத்திரி நடமாட்டம் திடீர்னு அதிகமாச்சா? யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தாலே வயசானவங்களுக்குக் குழப்பம் ஏறும், பி12, தைராய்டும் பாத்துடுங்க.

அதெல்லாம் சரியா இருந்தும் இதே நிலமைன்னா ஹோம் தேடறதுல தப்பே இல்ல. கோயம்புத்தூர் பக்கம் ரிட்டயர்மென்ட் வில்லா விளம்பரம் நிறைய வரும், அது பெரும்பாலும் தன் வேலையத் தானே பாத்துக்கறவங்களுக்கு, உங்கம்மாவுக்கு டிமென்ஷியா கேர்னு தனியா இருக்கற இடம்தான் வேணும். சாயங்காலத்துக்கு மேல போய்ப் பாருங்க, ஏன்னா இவங்களுக்குப் பொழுது சாயும்போதுதான் தடுமாட்டம் ஜாஸ்தி, பகல்ல ஏசி ரூமக் காட்டிட்டு ராத்திரி முப்பது பேருக்கு ஒரு ஆயாவ விட்டா என்ன பிரயோஜனம்? கட்டிப் போடுவீங்களா, தூக்க மாத்திரை குடுப்பீங்களான்னு நேராவே கேளுங்க, மழுப்புனா எழுந்து வந்துடுங்க. முதல்ல ஒரு மாசம் மட்டும் சேத்துப் பாருங்க.

கோயிலுக்குப் போறோம்னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போகாதீங்க. மறந்துடுவாங்கன்னாலும் அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிடணும், பழைய போர்வை, போட்டோ எல்லாம் கூட எடுத்துட்டுப் போங்க.

பணம்தான் பெரிய தலவலி. மெடிக்கல் இன்சூரன்ஸ் பொதுவா ஆஸ்பத்திரி அட்மிஷனுக்குத்தான், 70 வயசு தாண்டினவங்களுக்கு மத்திய அரசு குடுக்கற 5 லட்சம் கார்டும் அப்படித்தான், ஹோமுக்கு மாசாமாசம் கட்டறது நம்ம கைக்காசு. அண்ணன் பங்கு தரமாட்டேன்னா 2007 முதியோர் பராமரிப்புச் சட்டம் இருக்கு, அம்மா சார்பா வருவாய் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தீர்ப்பாயத்துல மனு குடுக்கலாம், அந்தச் சட்டப்படி மாசம் 10,000 ரூபா வரைக்கும் உத்தரவு போடலாம். வழி தெரியலன்னா 14567 ஹெல்ப்லைனுக்கு அடிச்சுக் கேளுங்க. ஆனா கூடப்பொறந்தவர், எடுத்ததும் மனு வேணாம்மா. அம்மாவோட டயப்பர், மருந்து, நீங்க விட்ட சம்பளம் எல்லாத்தையும் எழுதி இன்னிக்கே வாட்ஸ்அப்ல அனுப்புங்க, கீழ 'ஹோம் வேணாம்னா இதுல உங்க பங்கு எவ்ளோண்ணே'ன்னு கேட்டுடுங்க.