வாசகர் கேள்வி – பதில்: மலை மறைந்திருக்கும் நாளில் மலைக்குப் போகலாமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் வேலை பார்க்கிறான். வருகிற டிசம்பரில் நானும் என் கணவரும் அங்கே போகிறோம். மவுண்ட் ரெய்னியர் தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வதாக மகன் சொல்கிறான். “அந்த மாதத்தில் மழையும் பனியும்தான், மலையே கண்ணில் படாது, வீண் அலைச்சல்” என்று அங்கே போய்வந்த உறவினர்கள் சொல்கிறார்கள். எனக்கு 61 வயது. சேலை தவிர வேறு உடுத்திப் பழக்கமில்லை. போகலாமா?
– தேவகோட்டை வாசகி ஒருவர்

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள், ஆச்சி. உங்கள் உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை. 14,410 அடி உயரமுள்ள அந்தச் சிகரம் டிசம்பரில் பல நாட்கள் மேகத்துக்குள்தான் இருக்கும். சிகரத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் கோடைக்காலத்தில்தான் போக வேண்டும். ஆனால், 1899-ஆம் ஆண்டிலேயே தேசியப் பூங்காவாக்கப்பட்ட அந்த இடத்தில் பார்ப்பதற்குச் சிகரம் ஒன்று மட்டும் இல்லை. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, தாழ்வான பகுதியில் மழையாகவும் உயரத்தில் பனியாகவும் கொட்டுவதால்தான் அங்கே அத்தனை பெரிய மரங்களும் அத்தனை பனியாறுகளும் இருக்கின்றன. நம் ஊர் வளவு வீட்டில் மழை பெய்யும்போது பத்தியில் உட்கார்ந்து, ஓட்டுச் சரிவிலிருந்து முற்றத்தில் இறங்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் எவரும் வானம் தெரியவில்லையே என்று குறைப்பட்டதில்லை. அந்த மனநிலையோடு போனால் போதும். தொலைவில் உள்ளதை மறந்துவிட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதைப் பாருங்கள்.

முதலில் லாங்மயர் என்ற இடத்தில் இறங்குங்கள். அங்கே ஒரு மைலுக்கும் குறைவான, ஏற்றமே இல்லாத ஒரு நடைபாதை, தாதுநீர் ஊற்றுகள் கசியும் ஒரு புல்வெளியைச் சுற்றி வருகிறது. உங்கள் வயதுக்கு மிகப் பொருத்தமானது. அந்தக் காட்டில் முன்னொரு காலத்தில் சாய்ந்து விழுந்த பெருமரங்கள் அப்படியே கிடக்கும். அவற்றில் ஒன்றின் அருகே நின்று, குனிந்து பாருங்கள். இற்றுப்போன அந்தத் தண்டின் மீது பச்சைப் பாசி கனமாகப் படர்ந்திருக்கும். பாசிக்குள் ஹெம்லாக் மரத்தின் கன்றுகள், விரலளவு உயரத்தில், வரிசையாக வேர்விட்டிருக்கும். தரையில் விழும் விதைக்குக் கிடைக்காத ஈரமும் இடமும் விழுந்த மரத்தின் மேல் விழும் விதைக்குக் கிடைக்கிறது. வெயில் காலத்தில் வாடிச் சுருங்கிக் கிடக்கும் பாசியெல்லாம் மழையில்தான் உப்பி நிறம் பெறுகிறது என்பதால், அந்தக் காட்டை அதன் முழு நிறத்தோடு பார்ப்பவர் டிசம்பரில் போகிறவரே என்பது என் உறுதியான கருத்து.

பிறகு, சாலை திறந்திருந்தால், 5,400 அடி உயரத்தில் உள்ள பாரடைஸ் என்ற பகுதிக்குப் போகலாம். ஆண்டுக்குச் சராசரியாக 50 அடிக்கும் மேல் பனி கொட்டுகிற இடம் அது. 1971–72 குளிர்காலத்தில் மொத்தம் 93 அடிக்கும் மேல் கொட்டியது, அது அந்நாளில் உலகச் சாதனை. பனி பெய்யும்போது கறுப்பு ஸ்வெட்டரின் கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பளி இழையில் வந்து அமரும் துகள்களில் சில, ஆறு முனைகளும் உடையாமல், உருகுவதற்கு முன் சில நொடிகள் நன்றாகத் தெரியும். புதிய பனியில் முயலின் தடம் கிடந்தால் அதையும் கவனியுங்கள்: நீளமான பின்னங்கால்களின் சுவடு முன்னாலும், சிறிய முன்னங்கால்களின் சுவடு பின்னாலும் இருக்கும், ஏனெனில் தாவும்போது பின்னங்கால்கள் முன்னே வந்து விழுகின்றன. வண்டி நிறுத்துமிடத்தில் நரிகள் வந்து பார்த்துக்கொண்டு நிற்பதுண்டு. நீங்கள் கொண்டுபோகும் சீப்புச் சீடையையும் மாவுருண்டையையும், குளிரில் உடம்புக்குத் தெம்பு வேண்டும் என்பதால், நீங்கள் அவசியம் சாப்பிடுங்கள்; நரிக்கு ஒரு துண்டுகூடப் போடாதீர்கள். அது அங்கே சட்டப்படி குற்றம் என்பதோடு, மனிதர் கையை எதிர்பார்த்துச் சாலைக்கு வரப் பழகிய நரி பெரும்பாலும் வாகனத்தில் அடிபட்டே சாகிறது.

இனி உடை. கண்டாங்கிச் சேலையின் அருமை நம் வெயிலுக்கு. பருத்தி நனைந்தால் எளிதில் உலராமல் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே தெர்மல் உடை, அதன்மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே நீர் புகாத கோட்டும் காற்சட்டையும் என்று மூன்று அடுக்காக அணியுங்கள். ஒருநாள் உடைமாற்றத்துக்காக இந்தப் பயணத்தை இழக்க வேண்டாம். கம்பளிக் காலுறை இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும். உறைநிலைக்கு மேலான குளிரிலும், நனைந்த உடம்பில் காற்று பட்டால் ஆபத்து உண்டு: நடுக்கம் நிற்காமல், பேச்சு குழறினால், உடனே வண்டிக்குத் திரும்பி ஈர உடையை மாற்ற வேண்டும். பெரிய ஊசியிலை மரங்களின் அடியில் பனி கெட்டிப்படாமல் குழியாக இருக்கும்; மேலே சமமாகத் தெரிந்தாலும் உள்ளே ஆளை விழுங்கும் ஆழம் இருக்கலாம் என்பதால், படம் எடுப்பதற்காகக்கூட மரத்தடிக்குப் போகாதீர்கள்.

உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. நவம்பர் 1 முதல் மே 1 வரை அந்தப் பூங்காவுக்குள் செல்லும் ஒவ்வொரு வண்டியிலும், அது எந்த வகை வண்டியானாலும், டயர் சங்கிலி இருக்க வேண்டும். அதை மாட்டும் முறையை வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ளட்டும். லாங்மயருக்கு மேலுள்ள சாலையை மாலையில் மூடிவிடுவார்கள்; காலையில் பனியை அகற்றிய பிறகே திறப்பார்கள்; சில குளிர்காலங்களில் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே திறந்தார்கள். எனவே புறப்படும் காலையில் பூங்காவின் இணையதளத்தைப் பார்ப்பது கட்டாயம்.

கேள்வி: ஆடி மாதத்தில் குழந்தைகளுடன் மூணாறு சென்று இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பார்க்க நினைக்கிறோம். மழையில் வரையாடு தெரியுமா?
– காரைக்குடி வாசகர் ஒருவர்

பதில்: தெரிய நல்ல வாய்ப்பு உண்டு. 1978-இல் தேசியப் பூங்காவான இரவிகுளத்தின் ராஜமலைப் பகுதியில் வரையாடுகள் மனிதர்களைக் கண்டு மிரளுவதில்லை; மூடுபனிக்குள் பாதையோரமாகவே மேய்ந்துகொண்டிருக்கும். வயதான கிடாயின் முதுகில் சேணம் போட்டதுபோல் ஒரு வெள்ளித் திட்டு இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வேலையைக் குழந்தைகளிடம் கொடுங்கள். தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இந்தப் பூங்காவில்தான் உள்ளது என்றாலும், ஆடியில் அதன் உச்சியைப் பார்ப்பது அரிது. அதற்குப் பதிலாக, பாதையோரப் பாறை இடுக்குகளில் நீர் வழியும் இடங்களைப் பாருங்கள். காசித்தும்பை இனத்தைச் சேர்ந்த சிறு பூக்கள், அந்த மலைக்கே உரியவை பல, மழைக்காலத்தில்தான் அங்கே பூக்கின்றன. குறிஞ்சியைத் தேட வேண்டாம். 2018-இல் பூத்தது, அடுத்தது 2030-இல்தான்.

நமக்கு ஆடியில் வெறும் காற்று வீசுவதற்கும் அங்கே மழை கொட்டுவதற்கும் காரணம் ஒன்றே: தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலையின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு, வறண்டு நம் பக்கம் வருகிறது. போடிமெட்டு ஏறும்போது ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையில் இந்த மாற்றத்தைக் குழந்தைகளே உணர்வார்கள். அந்த மலைப்பாதையில் இருட்டிய பிறகு போகாதீர்கள். கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் பூங்காவை மூடிவிடுவார்கள். அப்போது வாசலில் வாதாடாமல் விடுதியில் இருந்துவிடுங்கள்.

கேள்வி: ஆகஸ்டில் அப்பச்சியை பத்ரிநாத் அழைத்துச் செல்கிறோம். வழியில் பூக்களின் பள்ளத்தாக்கையும் பார்த்துவிடலாமா? அப்பச்சிக்கு 70 வயது, நன்றாக நடப்பார்.
– கானாடுகாத்தான் வாசகி ஒருவர்

பதில்: “வழியில் பார்த்துவிடுவது” முடியாது, அதற்கென்று நாட்களை ஒதுக்கினால் முடியும். அந்தத் தேசியப் பூங்கா ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை மட்டுமே திறந்திருக்கும். ஜூலையும் ஆகஸ்டுமே பூக்காலம். மழை இல்லாமல் அந்தப் பூக்கள் இல்லை என்பதால், நனையாமல் பார்க்க வேண்டும் என்ற ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். பத்ரிநாத்துக்குச் சுமார் 25 கிலோமீட்டர் முன்னால் உள்ள கோவிந்த்காட்டில் பிரிந்து, 3,000 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கும் கங்காரியா கிராமத்துக்கு ஏற வேண்டும். அதுவரை குதிரை கிடைக்கும். பூங்காவுக்குள் குதிரைக்கு அனுமதி இல்லை. உள்ளே தங்கவும் முடியாது, மாலைக்குள் திரும்பியாக வேண்டும். அப்பச்சி குடை பிடிக்க வேண்டாம். மழைக்கோட்டு அணிந்து, கையில் ஊன்றுகோல் வைத்துக்கொள்ளட்டும். மழைக்காலத்தில் அந்த நெடுஞ்சாலையில் மண்சரிவு வழக்கமானது. திரும்பும் ரயிலுக்கு முன் குறைந்தது இரண்டு நாட்களைக் காலியாக வைக்காமல் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

கேள்வி: சைலண்ட் வேலிக்கு மழையில் போனால் அட்டை ஏறுமாமே?
– பள்ளத்தூர் வாசகர் ஒருவர்

பதில்: ஏறும். காற்சட்டையின் கீழ்ப்பகுதியைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் உப்போ புகையிலைத் தூளோ தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், நகத்தால் ஒரு பக்கத்திலிருந்து நெம்பி எடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் உமிழ்நீரில் இருப்பதால் சற்று நேரம் கசியும். பயப்பட வேண்டாம், கழுவித் துடைத்துத் துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

கேள்வி: தேக்கடியில் மழை நாளில் படகில் போனால் யானை பார்க்க முடியுமா? முடியாவிட்டால் போவதில் பயன் உண்டா?
– புதுவயல் வாசகி ஒருவர்

பதில்: யானைக்காக மட்டும் என்றால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் போங்கள், மழைக்காலத்தில் காட்டுக்குள்ளேயே எங்கும் தண்ணீர் கிடைப்பதால் விலங்குகள் ஏரிக்கரைக்கு வருவது குறைவு. ஆனால் நம் மாவட்டத்துக்காரர்கள் அந்த ஏரியை ஒருமுறையாவது மழையில் பார்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையால் உண்டான ஏரி அது. அன்று நீரில் மூழ்கிய காட்டு மரங்களின் கறுத்த அடிமரங்கள் இன்னமும் தண்ணீருக்கு மேல் நிற்கின்றன. மழை சற்று விட்டதும் நீர்க்காகங்கள் அவற்றின்மேல் ஏறி, இறக்கையை விரித்து உலர்த்தும். படகில் உங்கள் முகத்தில் படுகிற அதே மழைதான், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, வைகையில் சேர்ந்து, கால்வாய் வழியாகச் சிவகங்கை மாவட்டத்து வயல்கள் வரை வருகிறது. ஊர் திரும்பும்போது குமுளி மலைப்பாதையில் பகலில் இறங்குங்கள். லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் பெருங்குழாய்கள் மலைச்சரிவில் சாலையிலிருந்தே தெரியும். வண்டியை நிறுத்த இடமுள்ள வளைவாகப் பார்த்து நிறுத்தி, உடன் வரும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.