வாசகர் கேள்வி: கடலோரம் பறந்த ரிசர்வ் படை

கேள்வி: ஐயா, எங்க வீட்டுப் பசங்க ரெண்டு பேரும் ஏர்ஃபோர்ஸ் எக்ஸாமுக்குப் படிக்கிறாங்க. ரிசர்வ் படைன்னா ஆத்திர அவசரத்துக்குன்னு பேருக்கு எழுதி வெக்கறதுதான்னு பெரியவன் சொல்றான், இல்ல அவங்களும் போருக்குப் போயிருக்காங்கன்னு சின்னவன் சண்டை போடறான். யாரு சொல்றது சரி? நம்ம பக்கம் அப்படி ஒரு படை இருந்துச்சுங்களா?
- ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: சின்னவன் சொல்றதுதான் சரிங்கம்மா. 1939ல உலகப்போர் ஆரம்பிச்சப்ப இந்திய விமானப்படைகிட்ட இருந்ததே ஒரே ஒரு ஸ்குவாட்ரன்தான் (விமானங்களும் பைலட்டுங்களும் சேந்த ஒரு பிரிவு), அதுவும் வடமேற்கு எல்லைப் பக்கம் நின்னுச்சு, இவ்ளோ நீளமான கடற்கரைய யாரு பாக்கறதுன்னு கேள்வி வந்தப்பதான் வாலண்டியர் ரிசர்வ்னு ஒண்ணு ஆரம்பிச்சு, ஏற்கனவே விமானம் ஓட்டத் தெரிஞ்ச சிவிலியன்களையும் சேத்துக்கிட்டாங்க. அவங்களையும் ரெகுலர் ஆளுங்க கொஞ்சம் பேரையும் வெச்சு கடலோரப் பாதுகாப்புக்குன்னு சின்னச் சின்னப் படைங்க உருவாச்சு. மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சின்னு அஞ்சு, அப்புறம் விசாகப்பட்டினம். அதுல நம்பர் 1னு எண் குடுத்தது நம்ம மெட்ராஸ் படைக்குத்தான்!

குடுத்த விமானம் என்னன்னு கேட்டா மனசு கஷ்டமா இருக்கும். வாப்பிட்டி. ரெண்டடுக்கு இறக்கை, மேல மூடி கிடையாது, பைலட் முகத்துல காத்து நேரா அடிக்கும், பின்னாடி சீட்ல மெஷின்கன்னோட இன்னொருத்தர். 1933லயே நம்ம விமானப்படையோட முதல் ஸ்குவாட்ரன் தொடங்குனது இதே வாப்பிட்டி நாலை வெச்சுத்தான், அந்தப் பழசை வெச்சுக்கிட்டுத்தான் இவங்க கடல் மேல ரோந்து போனாங்க. 1941 மார்ச் கடைசில அதையும் புது ஸ்குவாட்ரனுக்குன்னு வாங்கிட்டு, மெட்ராஸ் படைக்கும் கல்கத்தா படைக்கும் பயணிகள் போய்க்கிட்டிருந்த அட்டலான்டா விமானத்தக் குடுத்தாங்க, டவுன்பஸ்ஸை போலீஸ் ரோந்துக்கு எடுத்த மாதிரி. கொச்சிக்கு டிஹெச் 86ங்கற பயணிகள் விமானம் ஒரே ஒண்ணு, அத வெச்சே கன்னியாகுமரிக்கு மேற்கேயும் மலபார் கரையும் பாத்தாங்க.

பெரியவன்கிட்ட இதைச் சொல்லுங்க. கராச்சி படை நாலு வாப்பிட்டியோட பர்மாவுல மோல்மீனுக்குப் போச்சு. அதுக்கப்புறம் போன கல்கத்தா படை பிளென்ஹைம்ங்கற குண்டுவீச்சு விமானம் நாலே நாலு வெச்சு, ரங்கூன் துறைமுகத்துக்கு வந்த கப்பலுங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாசம் காவல் நின்னுச்சு, அங்க வேற துணை அதிகம் இல்லாதப்ப. 1942 ஏப்ரல்ல ஜப்பான் கப்பல் படை வங்காள விரிகுடாவுக்கு வந்து 6ஆம் தேதி விசாகப்பட்டினத்துல குண்டு போட்டுச்சு பாருங்க, அப்பவும் அங்க இருந்தது இந்த ரிசர்வ் ஆளுங்கதான். இன்னொண்ணு, 1971 போர்ல விமானப்படைத் தளபதியா இருந்த பி.சி. லால், 1939ல உள்ள வந்ததே இந்த வாலண்டியர் ரிசர்வ் வழியாத்தான்.

கேள்வி: இங்கிலாந்து விமானப்படைல ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ ஸ்குவாட்ரன் இருந்துச்சாமே, அதுவும் இந்த மாதிரி நம்ம ஆளுங்க படையா?
- ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: இல்லைங்க, அது பிரிட்டிஷ் ரெகுலர் படை, 264ஆம் ஸ்குவாட்ரன். மெட்ராஸ் மாகாணத்துல இருந்து போன போர் நிதிக்காக அந்தப் பேர வெச்சாங்க, சேலமும் அப்ப அந்த மாகாணத்துலதான் இருந்துச்சு. அவங்க ஓட்டுனது டிஃபையன்ட்னு ஒரு விமானம், முன்னாடி சுட துப்பாக்கியே கிடையாது, பைலட்டுக்குப் பின்னால சுத்தற மேடைல நாலு துப்பாக்கி. பிரான்ஸ்ல டன்கிர்க் சண்டைல அந்தப் படை பேர் வாங்குச்சு, 1940 ஆகஸ்ட்ல பகல் சண்டைல பலமா அடி வாங்கி ராத்திரிச் சண்டைக்கு மாத்திட்டாங்க. எனக்கு ஆதங்கம் என்னன்னா, காசு வாங்குன படைக்கு மெட்ராஸ் பேரு நிலைச்சிருச்சு, மெட்ராஸ் கடலையே காத்த படைக்கு வெறும் நம்பர்தான், பாடப்புத்தகத்துல ஒரு வரியாவது வேணும்னு நான் நினைக்கறேன்.

கேள்வி: சுதந்திரத்துக்கு அப்புறம் அந்த மாதிரி படை உண்டா?
- ஒரு மாணவர், ஓமலூர்

பதில்: உண்டுப்பா. 1952ல ரிசர்வ், துணை விமானப்படைகளுக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க, வேற வேலைல இருக்கறவங்க பயிற்சி எடுக்கற மாதிரி டெல்லி, பம்பாய், மெட்ராஸ்னு துணை ஸ்குவாட்ரன் வந்துச்சு. இப்ப துணை ஸ்குவாட்ரன்னு எதுவும் கிடையாது. பறக்கணும்னு ஆசைன்னா ஏஎஃப்கேட், என்டிஏ, சிடிஎஸ் இந்த மூணு பரீட்சையையும் பாரு.