பல்கலைக்கழகக் கட்டடம்: யார் பணம், யார் கணக்கு?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, பணி ஓய்வு பெற்ற தணிக்கை அலுவலர் ஒருவர் அளித்த பதில்கள்.

அரூர்: ஐயா, பல்கலைக்கழகக் கட்டுமானத்தைக் கண்காணிக்க நம் மாநிலத்தில் தனிச் சட்டம் உண்டா?

ஒரே சட்டத்தில் எல்லாம் அடங்கிவிடவில்லை. மூன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் இரு மாவட்டங்களும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இருப்பதால், 1997-ஆம் ஆண்டின் பெரியார் பல்கலைக்கழகச் சட்டம் முதலாவது. பணத்தைப் பற்றி முடிவெடுக்கும் ஆட்சிக்குழுவும் நிதிக்குழுவும் அதிலிருந்தே அதிகாரம் பெறுகின்றன. வேலையை யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்பதை 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் சொல்கிறது. செலவான பின் கணக்கைப் பார்ப்பது 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. பெயரில் உள்ளாட்சி இருப்பதால் பஞ்சாயத்துக் கணக்கை மட்டும் பார்க்கும் துறை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

தருமபுரி: பைசுஹள்ளியிலுள்ள முதுநிலை விரிவாக்க மையமும் அரசு கலைக் கல்லூரியும் ஒரே கணக்கில்தானே வருகின்றன?

இல்லை. விரிவாக்க மையம் பல்கலைக்கழகத்தின் சொத்து. கலைக் கல்லூரி பட்டத்துக்காக மட்டுமே பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அதன் கட்டடம் அரசுக் கட்டடம், கட்டுவது பொதுப்பணித் துறை. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரிக் கட்டடத்துக்கும் இதுவே பொருந்தும். பையூர் ஆராய்ச்சி நிலையமோ வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, அதற்கு வேறு சட்டம். மனு எழுதுவதற்கு முன்பு கட்டடம் யாருடையது என்று தெரிந்துகொள்ளாவிட்டால், அது ஒவ்வொரு அலுவலகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பென்னாகரம்: பல்கலைக்கழகத்துக்குக் கட்டடம் கட்டப் பணம் எங்கிருந்து வருகிறது?

மாநில அரசின் தொகுப்பு மானியம், இணைப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் சேர்ந்த சொந்த வருவாய், மத்திய அரசின் திட்ட நிதி ஆகியவை முக்கியமானவை. 2013-இல் தொடங்கிய ரூசா என்ற உயர்கல்வித் திட்டத்தில் முதலில் 65-க்கு 35 ஆக இருந்த மத்திய, மாநில அரசுகளின் பங்கு பின்னர் 60-க்கு 40 ஆனது. 2023-இல் அந்தத் திட்டம் பி.எம். உஷா எனப் பெயர் மாறியது. மானியத்தின் பெரும்பகுதியைச் சம்பளமும் ஓய்வூதியமும் விழுங்கிவிடுவதால், கட்டடச் செலவு கடைசியில் மாணவர்கள் செலுத்தும் கட்டணத்தின் மீதே வந்து விழுகிறது என்பது என் கருத்து. அப்படியிருக்க, இந்தக் கணக்கைக் கேட்க மாணவரின் பெற்றோருக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

காவேரிப்பட்டணம், சிறு ஒப்பந்ததாரர்: அறிவிப்பு வந்த நான்காம் நாளே ஒப்பந்தப்புள்ளியைக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். இது முறையா?

2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் அதற்கு மேலதிகாரி எழுத்தில் காரணம் பதிவு செய்திருக்க வேண்டும்; அந்தப் பதிவின் நகலைக் கேளுங்கள். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதென்றால், மிகக் குறைந்த விலை கொடுத்தவரோடு மட்டுமே பேசலாம். ஒப்பந்தப்புள்ளியை ஏற்கும் ஆணையால் பாதிக்கப்பட்டவர், ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

ஓசூர்: மத்திய தணிக்கைத் துறைத் தலைவர் (சி.ஏ.ஜி.) இதைப் பார்க்க மாட்டாரா?

பார்க்கலாம், ஆனால் எல்லா நேரமும் அல்ல. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, அரசு மானியமோ கடனோ ஓராண்டில் 25 லட்சத்துக்குக் குறையாமலும், நிறுவனத்தின் மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் அவர் தணிக்கை செய்வார். கட்டண வருவாய் அதிகமுள்ள பல்கலைக்கழகம் இந்த 75 சதவீத வரம்புக்குள் வராமல் போகக்கூடும். அப்போதும் தொகை 1 கோடிக்குக் குறையாமல் இருந்தால் ஆளுநரின் முன் ஒப்புதலோடு தணிக்கை செய்ய வழி உண்டு.

பாலக்கோடு: இத்தனை தணிக்கை இருந்தும் புதுக் கட்டடத்தில் விரிசல் விழுகிறதே, ஏன்?

தணிக்கை எப்போதும் கட்டடம் எழுந்த பிறகு வருகிறது. தவறு நடப்பது அதற்கு முன்பு. கம்பியை மூடி கான்கிரீட் போட்டுவிட்டால் உள்ளே எவ்வளவு கம்பி இருக்கிறது என்று யாரும் எளிதில் சொல்ல முடியாது. அதனால்தான் கம்பியை மூடுவதற்கு முன்பே பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில், அதாவது எம்.புக்கில், தேதியோடு எழுத வேண்டும் என்பது நடைமுறை. நான் பணியில் இருந்தபோது ஒரு நிறுவனத்தின் கோப்பைப் பார்த்தேன். கூரைக்கு கான்கிரீட் போட்டதாகப் பணிப் பதிவேடு காட்டிய தேதிக்கு ஒன்பது நாள் கழித்துக் கம்பி அளக்கப்பட்டதாக எம்.புக் சொன்னது. அளந்தவர் கண்ணுக்கு கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பி எப்படித் தெரிந்தது என்று எழுதிக் கேட்டேன். பதில் வருவதற்குள் எனக்கு இடமாற்றம் வந்துவிட்டது. சட்டம் போதாது என்பதை நான் ஏற்கவில்லை. வேலை நடக்கும் நாளில் தளத்தில் நின்று பார்க்கும் ஆள்தான் போதவில்லை.

ஊத்தங்கரை: தகவல் உரிமைச் சட்டத்தில் என்ன கேட்பது?

10 ரூபாய்க் கட்டணத்தோடு பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். “கட்டடம் ஏன் தாமதம்?” என்று கேட்டால் விளக்கம் தரத் தேவையில்லை என்று திருப்பிவிடுவார்கள். நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தம், எம்.புக், பயன்பாட்டுச் சான்றிதழ் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு: 2005-ஆம் ஆண்டின் இந்தச் சட்டத்தின் 2(j) பிரிவு, நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. ஆகவே கட்டடம் முடியும்வரை காத்திராமல், கான்கிரீட் போடும் பருவத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.