பிளஸ் ஒன் முடிக்கும் மகளுக்கு வேலூரில் வக்கீல் ஆபீஸ் அனுபவம்

அம்மா, சொந்தத்தில் வக்கீல் யாரும் இல்லை, மகளுக்காகக் கேட்ட இரண்டு வக்கீல் ஆபீஸிலும் ‘லா காலேஜ் சேர்ந்தப்புறம் வரட்டும்’ என்று அனுப்பிவிட்டார்கள் என எழுதியிருந்தீர்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. கட்சிக்காரர் மனம்விட்டுப் பேசும் இடத்தில் பள்ளிப் பிள்ளையை உட்கார வைக்கத் தயங்குவார்கள்.

முதலில் ஆபீஸை விடுங்கள், கோர்ட்டுக்குப் போங்கள். சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்கு நீங்களும் கூடப் போய் இரண்டு நாள் பின் வரிசையில் உட்காருங்கள். போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றம்), குடும்ப வழக்கு போன்றவை தவிர, பொதுவாக விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும். போனை அணைத்துவிடுங்கள். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை, அதனால் ஏப்ரலிலேயே போவது நல்லது. முதல் நாள் முழுக்க வாய்தாதான் (வழக்கை வேறு தேதிக்குத் தள்ளிவைப்பது) காதில் விழும், சலிப்பாக இருக்கும். அதையும் பார்க்கட்டும்.

அடுத்து, அங்கேயே, இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், மகள் வந்து பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். பள்ளி விழிப்புணர்வு முகாம், மக்கள் நீதிமன்றம் எல்லாம் அவர்கள்தான் நடத்துகிறார்கள்.

அப்புறம் ஆபீஸ். சீனியர் வக்கீலை விடக் குமாஸ்தாவிடம் பேசுவது பலன் தரும் (நானும் குமாஸ்தாவாக இருந்தவன், கொஞ்சம் பாரபட்சம் உண்டு). ‘இன்டர்ன்ஷிப்’ என்று கேட்காதீர்கள். ‘பத்து நாள், சாயங்காலம், வழக்குக் கட்டு அடுக்க, டைரியில் வாய்தா தேதி எழுத’ என்று கேளுங்கள். வக்காலத்து (வக்கீலை நியமிக்கும் பத்திரம்) எது, பிராது (வழக்குத் தொடுக்கும் மனு) எது என்று அங்கேதான் கைக்குப் பழகும். சான்றிதழ் கிடைக்காவிட்டால் போகட்டும், ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர அதைக் கேட்க மாட்டார்கள்.